இத்தாலி மெஷினும் நாலு எலுமிச்சம்பழமும்

நாற்பத்தெட்டு வயதில் இத்தாலியன் படிக்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது. பெங்களூர் பீன்யாவில் நான் ஃபிட்டராக இருக்கும் கம்பெனி, பிஸ்கட் பாக்கெட் போடுகிற மெஷின் ஒன்றை இத்தாலியில் ஆர்டர் செய்தது. அங்கிருந்து வரும் டெக்னீஷியனுக்கு ஆங்கிலம் அரைகுறை. மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, "அவன்கிட்ட அவன் பாஷையில பேசறவன் பொறுப்புலதான் மெஷின். யாரும் தேறலன்னா வெளியிலேர்ந்து ஆள் எடுப்பேன்" என்று சொல்லிவிட்டார். பத்து மாதம் கழித்து டெக்னீஷியனே வீடியோ காலில் பரீட்சை வைப்பாராம்.

நான் உடனே கையைத் தூக்கினேன். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். சிரிக்கட்டும். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு மெஷின் வரும்போதும் யாராவது ஒரு இன்ஜினியர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதை அங்கே வை, அதை இங்கே மாட்டு என்பார். நானும் வைப்பேன், மாட்டுவேன். எங்கே வைக்கலாம் என்று என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இறங்கிய என் அப்பாவையும் யாரும் எதுவும் கேட்டதில்லை. ரிட்டையர் ஆவதற்குள் ஒரே ஒரு மெஷினுக்காவது என்னைக் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

ஜீவனஹள்ளி வீட்டிலிருந்து சனிக்கிழமைதோறும் மல்லேஸ்வரம் போனேன். இத்தாலியில் பல வருஷம் இருந்து திரும்பிய ஒரு தமிழ் அம்மா, தன் சாப்பாட்டு மேஜையில் வகுப்பு எடுத்தார். நாலு காலேஜ் பெண்களும் நானும். வினைச்சொல், எண்ணிக்கை எல்லாம் எப்படியோ ஏறிவிட்டன. முன்னிடைச்சொல், அதாவது ப்ரெபொசிஷன் என்று ஒன்று வந்தது பாருங்கள், அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். தி, ஆ, தா, இன், கோன், சு, பெர், த்ரா, ஃப்ரா. ஒன்பது பொடிச் சொற்கள், ஒன்பதும் ஒன்பது ரவுடிகள்.

தமிழில் ரோமுக்கு, இத்தாலிக்கு என்று ஒரே 'கு' போதும். அவர்களுக்குப் போதாதாம். ஊருக்குப் போனால் ஆ, நாட்டுக்குப் போனால் இன், டாக்டரிடம் போனால் தா. இது போதாதென்று அந்தத் தா அடுத்து வரும் சொல்லோடு வெல்டு ஆகித் தால் ஆகும், தல்லா ஆகும். நாம் பொருளைச் சொல்லிவிட்டு அப்புறம் மேலே, கீழே என்போம். அவர்கள் கீழே என்று ஆரம்பித்து, எதற்குக் கீழே என்று பிறகு சொல்வார்கள். "இதென்னங்கம்மா, போல்ட்டு மாட்டாம நட்டு போடற மாதிரி இருக்கு" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க யோசிச்சிட்டுப் பேசறீங்க சார். பார்த்துட்டுப் பேசுங்க" என்றார்.

இதை வீட்டில் வந்து சொன்னது என் தப்பு. மறுநாளே என் மனைவி வண்டிச் சாவியை ஒளித்து வைத்துவிட்டாள். "எங்க இருக்குன்னு தேடி எடுங்க. எடுத்துட்டு அந்த பாஷையில சொல்லிட்டுக் கெளம்புங்க" என்றாள். பிறகு கண்ணாடி, டிபன் பாக்ஸ், ஒருநாள் செருப்பு. சாவி அரிசி டப்பாவுக்குள், கண்ணாடி பைபிளுக்கு மேல், செருப்பு கட்டிலுக்கு அடியில். அவளுக்கு இத்தாலியன் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் நான் தப்பாகச் சொன்னால் எப்படியோ கண்டுபிடித்துவிடுவாள்.

"இழுக்கறீங்களே, அப்போ தப்பு. மறுபடி சொல்லுங்க."

"ஏய், ஷிஃப்டுக்கு லேட் ஆகுதுடி!"

"அதையும் அந்த பாஷையிலயே சொல்லுங்க."

எரிச்சல் எரிச்சலாக வந்தாலும், உண்மையைச் சொன்னால் அந்தக் காலைகள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படி விளையாடியதில்லை.

பரீட்சை அன்று மேனேஜரின் அறையில் உட்கார்ந்தேன். திரையில் நரைத்த மீசையோடு டெக்னீஷியன். பெயர், வயது, வேலை எல்லாம் சொல்லியாயிற்று. அடுத்து, "புது மெஷினை முதல்முதலில் ஓட்டும் முன் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். காற்றழுத்தம், வயரிங், கவர் எல்லாம் சரிபார்ப்பேன் என்று சொல்லவேண்டும். எங்கள் ஷெட்டில் இந்தக் கேள்விக்கு வேறு பதில். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் ஒரே போடில் உடைப்பேன் என்று புது மெஷின் பூஜைக்குப் பூசணிக்காயை என் கையில்தான் கொடுப்பார்கள். சிலுவை போட்டுக்கொண்டு பூசணி உடைக்கிற ஆள் என்று எனக்குப் பெயரே உண்டு. வாய் தானாகத் திறந்துகொண்டது.

மெஷினுக்கு அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைப்போம் என்றேன். சொத்தோ லா மக்கினா, சொத்தோ என்றால் அடியில். கதவின்மேல் மாவிலை. பூசணிக்காய்க்குள் குங்குமம். மெஷினைச் சுற்றி வந்து, மெஷினுக்கு முன்னால் உடைப்போம். எல்லாம் கண்ணெதிரே தெரிந்தது, தெரிந்ததைச் சொன்னேன். ஒரு இடத்திலும் இழுக்கவில்லை. மக்கினா என்றால் மெஷின், லிமோனி என்றால் எலுமிச்சை என்று மேனேஜருக்கும் புரிந்துவிட்டது போல. தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போச்சு, பத்து மாதமும் போச்சு.

"ஏன்?" என்றார் டெக்னீஷியன், சிரிக்காமல்.

"பெர் லே மானி" என்றேன். கைகளுக்காக. யார் கைக்கும் எதுவும் ஆகக்கூடாது என்பதற்காக.

அவர் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. மேனேஜரிடம் உடைந்த ஆங்கிலத்தில், "இந்த ஆள்தான்" என்றார். கடைசியில் என்னிடம், காற்றழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள் என்றார்.

அந்த மழைக்காலத்தில் மெஷின் வந்தது, கூடவே அவரும் வந்தார். இரண்டு வாரம் நட்டு நட்டாக இருவரும் சேர்ந்து பூட்டினோம். ஓட்டிப் பார்க்கிற நாளில் ஓனரும் பெரிய ஆட்களும் வந்து நின்றுவிட்டார்கள். "பூஜை கீஜையெல்லாம் நாளைக்கு வெச்சுக்கலாம், மொதல்ல ஓட்டிக் காட்டுப்பா" என்று மேனேஜர் அவசரப்படுத்தினார். எனக்கும் பதற்றம். காற்றழுத்தம் பார்த்தேன், கவர் பார்த்தேன், பட்டனில் விரலை வைத்தேன்.

டெக்னீஷியன் என் மணிக்கட்டைப் பிடித்தார். "லிமோனி?" என்றார்.

பட்டனிலிருந்து விரலை எடுத்தேன். அவர் தன் பைக்குள் கைவிட்டு, தங்கியிருந்த ஹோட்டல் வாசலில் வாங்கிய நாலு எலுமிச்சம்பழங்களை எடுத்தார். மேனேஜர், ஓனர், இன்ஜினியர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கிரீஸ் தரையில் மண்டி போட்டார். ஒரு பழத்தை மெஷினின் கால் அருகே பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சொத்தோ?" என்று கேட்டார்.

"சீ" என்றேன், அவர் பாஷையில் ஆமாம் என்று. "சொத்தோ."