அக்காவின் நான்கு வரிசை றோசாக்கள்

எங்கள் அக்கா தோற்றுப்போன மனுசியல்ல. அதைச் சொல்லத்தான் அவரின் நினைவு மலரில் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன்.

செட்டிபாளையத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அத்தான் இளவயதில் காலமாக, இரு பெண்பிள்ளைகளையும் தனியே வளர்த்தார். மணல் வளவில் எருப் போட்டு றோசா நட்டபோது, கத்தரி நட்டால் கறிக்காவது ஆகுமே என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

பாசிக்குடா ஹோட்டல் ஒன்று நாள்தோறும் பூ எடுக்கச் சம்மதித்தது. பூவில் பூச்சியும் இருக்கக் கூடாது, மருந்து நாற்றமும் கூடாது என்றார்கள். அந்த நேரம் பார்த்து மொட்டெல்லாம் அழுக்கணவன் என்ற பச்சைப் பொடிப்பூச்சி அப்பிக்கொண்டது. ஒரு மாதத் தவணை கிடைத்தது. அது தவறினால் பிழைப்புப் போச்சு.

அக்கா செடிகளை நான்கு வரிசையாகப் பிரித்தார். ஒன்றுக்குக் கடை மருந்து, ஒன்றுக்கு வேப்பெண்ணெயும் சவர்க்காரமும், ஒன்றுக்குச் சவர்க்காரத் தண்ணீர், கடைசிக்கு வெறும் தண்ணீர். காலைதோறும் பூச்சியை எண்ணிக் கொப்பியில் எழுதினார்.

நான் செய்த வேலையைக் கேளுங்கள். கடைசி வரிசை சுருள்வதைப் பார்க்கப் பொறுக்காமல், அக்கா சந்தைக்குப் போன நேரம் அதற்கும் வேப்பெண்ணெய் அடித்துவிட்டேன். வாயில்லாச் சீவன்கள், பாவம்! வரிசை தெளிந்தது. தண்ணீரே போதுமென்று அக்கா மருந்தையெல்லாம் நிறுத்தப் போனார். உண்மையைச் சொல்லி அழுதேன்.

"அழுறத விட்டுட்டு வாளியத் தூக்கு புள்ள. மறுகா முதல்ல இருந்து பார்ப்பம்," என்றார்.

இரண்டு கிழமைதான் மிச்சம். கடை மருந்து அழுக்கணவனோடு அதைத் தின்னும் பொறிவண்டையும் கொன்றது. பத்தாம் நாள் பூச்சி முன்னிலும் அதிகமாகத் திரும்பியது. வேப்பெண்ணெய் வரிசை மெல்லத் தெளிந்து அப்படியே நின்றது. ஹோட்டல்காரர் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. மருந்து விற்ற ஏறாவூர் முதலாளியே தன் வீட்டு றோசாவுக்கு அக்காவிடம் யோசனை கேட்டு வந்தார். அன்று அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

கடைசி நாட்களில் அக்காவைப் பராமரித்த தாதிமாருக்கும், பந்தல் போட்டு, சமைத்து, கூட இருந்த அயலவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஹோட்டல் வான்காரத் தம்பிக்கும் நன்றி. சாவு தெரியாமல் வழமைபோல் பூ எடுக்க வந்தவர், கும்பிட்டுவிட்டு வெறும் பெட்டிகளோடு திரும்பப் பார்த்தார். அக்காவின் மகள்மார் இருவரும் எழுந்து கத்தரிக்கோலை எடுத்தார்கள். சாவுத் துடக்கு வீட்டுப் பூவா என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஹோட்டல் மேசைக்கு என்ன துடக்குகா?" என்றேன்.

பெட்டிகள் நிறைந்தன. அக்காவின் பூ அன்றைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.