மஞ்சள் நோட்டீஸுக்கு ஒரு வக்கீல்

கம்பெனி யூனிஃபார்மைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் தொழிலில் கிரீஸ் கறைகூடப் போய்விடும், மெஷினுக்கு வாங்கிய கடன் மட்டும் போகாது. வீட்டுக்காரர் இறந்த பிறகு, வடக்குப்பட்டில் ஷெட் போட்டு நானே நடத்திய தொழில் இது. ஒரகடத்தில் ஒரே ஒரு கம்பெனியை நம்பி, பைனான்ஸில் கடன் வாங்கிப் பெரிய மெஷின்களை இறக்கினேன். அடுத்த வருஷமே அவர்கள் சலவை வேலையைச் சென்னைக்காரர் ஒருவருக்கு மாற்றிவிட்டார்கள்.

"கட்ட வழியில்லன்னு கோர்ட்ல திவால் மனு போட்டுடலாம்க்கா. நல்ல வக்கீலா பாப்போம்" என்றான் தம்பி சாமுவேல். லாரி கம்பெனியில் அவனுக்கு பர்மனென்ட் வேலை. ஊரில் அந்த மனுவுக்கு மஞ்சள் நோட்டீஸ் என்று பெயர். உங்களில் யாராவது அப்படி வக்கீல் தேடி அலைந்திருந்தால், கீழே வருவது எதுவும் புதிதாக இருக்காது.

எத்தனை ஏக்கர்?

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வக்கீல் போர்டுகளுக்குக் குறைச்சலே இல்லை. முதலில் கண்ணில் பட்ட போர்டுக்குள் நுழைந்தேன். ஏசி அறை. வாசலில் ரியல் எஸ்டேட்காரர்களின் கார்கள். நான் உட்காருவதற்குள் வக்கீல் கேட்டார், "எந்த ஊர்ல நிலம்? எத்தனை ஏக்கர்?"

நிலம் இல்லை, கடன்தான் என்றேன். திறந்த பேனாவை அவர் மெதுவாக மூடினார். கோபமெல்லாம் இல்லை, என்னைப் பார்க்கப் பாவமாக இருந்தது போல. "இங்க வர்றவங்கல்லாம் எதையாவது வித்தவங்கம்மா. விக்க ஒண்ணுமில்லாதவங்களுக்கு நான் கேஸ் நடத்தினதில்ல."

ஜெராக்ஸ் கடையில்

யாரைக் கேட்பது? தெரிந்தவர்களைக் கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். கோர்ட்டு எதிரே ஜெராக்ஸ் கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்தி, திவால் கேஸ் பார்க்கும் வக்கீல் யாராவது இருக்கிறாரா என்று கேட்டேன். மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னதும், "இன்னாது, மஞ்ச நோட்டீஸா?" என்று உரக்கக் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

அதில் ஒருத்தி தேவகி. என் ஷெட்டில் கடைசி வரைக்கும் இஸ்திரி போட்டவள். கடைசி மாதச் சம்பளத்தை நான் இன்னும் கொடுக்கவில்லை. அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். கிட்டே வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள். "கடன் குடுத்தவங்க பேரெல்லாம் அதுல எழுதுவாங்களாமேக்கா, எம் பேரையும் எழுதுவியா?"

தெரிந்த கையெழுத்து

ஜெராக்ஸ் கடைக்காரர் கைகாட்டிய வக்கீல் வயதானவர், தன்மையாகப் பேசினார். டீ வரவழைத்தார். பாதி டீயில் என் பெயரைக் கேட்டார், சொன்னேன். ஷெட் எங்கே என்றார், சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பைனான்ஸ்லேர்ந்து வந்த நோட்டீஸ்ல கீழ போட்டிருக்கற கையெழுத்து என்னுதும்மா. டீயைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

மாடியறை மேடம்

கடைசியில், கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் அந்த மேடம் கிடைத்தார். சின்ன வயது. ஷிஃப்ட் முடித்த கையோடு, யூனிஃபார்மிலேயே சாமுவேலும் வந்திருந்தான். மற்றவர்கள் கேட்காத கேள்வியை மேடம் கேட்டார். "கடனுக்கு ஜாமீன் யாரு?"

சாமுவேல்தான். அவன் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் பைனான்ஸில் கடனே கொடுத்தார்கள். மேடம் சுற்றி வளைக்கவில்லை. மனு போட்டால் நான் வெளியே வரலாம். ஜாமீன் போட்டவனை அது காப்பாற்றாது. நேராக அவன் சம்பளத்துக்குத்தான் வருவார்கள் என்றார். வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

சாமுவேல் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "மனு போடாட்டியும் எங்கிட்டதான் வரப் போறாங்க. ரெண்டு பேரும் ஏன் மாட்டணும்? அக்கா போடட்டும் மேடம்."

ஸ்டெல்லா வந்தாள்

மனுவைக் கோர்ட்டில் எடுத்துக்கொண்டார்கள். கடனைக் கேட்டு ஷெட் வாசலில் வந்து கத்துகிறவர்கள் நின்றுபோனார்கள். மேடம் சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது. சாமுவேல் கம்பெனிக்குக் கடிதம் போனதும், சம்பளத்தில் பிடித்தம் ஆரம்பித்தது. கிடைத்த ஓ.டி.யை எல்லாம் அவன் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் அவனைக் காணவில்லை.

ஒருநாள் அவன் மனைவி ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் உட்காரவில்லை, தண்ணீர்கூட வாங்கவில்லை. வாசற்படியிலேயே நின்று, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறவள் மாதிரி கேட்டாள். "உங்கள யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு கோர்ட்ல சொல்லிட்டாங்களாமே அண்ணி, அப்ப நாங்க எந்த வக்கீலப் பாக்கணும்?"

நல்ல வக்கீல் கிடைக்காமல் அலைந்தபோது பட்ட கஷ்டம், கிடைத்து அவர் என்னைக் காப்பாற்றிய பிறகு படுவதில் பாதிகூட இல்லை.