பெங்களூரிலிருந்து ஒரு மணி நேரம்

பெங்களூருக்கும் திருச்சிக்கும் ஆகாய வழியில் முந்நூறு கிலோமீட்டர் கூட இல்லை, ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று போன் சொன்னது. எவ்வளவு உயரத்தில் என்று சொல்லவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கணக்குதான். மொட்டைமாடிச் சுவரோரம் நின்றாலே தலைசுற்றுகிறவள் நான். கல்யாணமாகிப் பெங்களூர் வந்த நாள் முதல் ஊருக்குப் போக ரயில்தான்.

ஆனால் அன்று காலையில் தம்பி கூப்பிட்டான். அம்மாவுக்கு இதயத்தில் அடைப்பு, மத்தியானமே ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அம்மாவோ, "அவ வரட்டும். அவ மூஞ்சியப் பாக்காம நான் உள்ள போகமாட்டேன்" என்று அடம்பிடிக்கிறாளாம். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். எனக்கும் அதே ரத்தம்தானே. கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டேன்.

இறக்கையில் காற்றாடி சுழலும் சின்ன விமானம். ஜன்னல் வேண்டாம் என்று கேட்டு வாங்கிய இருக்கையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சலசலப்புக் கேட்டுக் கண்ணைத் திறந்தால், எங்கள் பக்கத்து வரிசைகளில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"என்ன ஆச்சு மாமி?" என்று, ஏறும்போதே தன் ஊர் ஸ்ரீரங்கம் என்று சொல்லியிருந்த ஜன்னலோரத்து மாமியைக் கேட்டேன்.

"ஒண்ணும் ஆகலைம்மா. ராஜகோபுரம் தெரியறது. நீயும் சேவிச்சுக்கோ."

எனக்கு வந்த கோபத்தில் பெருமாளையே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்து திரும்பியது. விமான நிலையத்தில் கனமழை, கொஞ்ச நேரம் வட்டமடிப்போம், இறங்க முடியாவிட்டால் பெங்களூருக்கே திரும்புவோம் என்று விமானி அறிவித்தார்.

திரும்பினால் அம்மா ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ள மாட்டாள். அதுவரை விழுந்துவிடுவோமோ என்று பயந்தவள், விழாமலே திரும்பிவிடுவோமோ என்று பயப்பட ஆரம்பித்தேன். அந்தப் பயம்தான் பெரிது. அம்மா படுத்திருக்கும் ஆஸ்பத்திரி கீழே எங்கேயோதான் இருந்தது, நாங்கள் அதன் தலைக்கு மேலேயே சுற்றினோம்.

இரண்டாவது முறை கோபுரம் தெரிந்தபோதும் கும்பிட்டார்கள். மூன்றாவது முறை தெரிந்த பிறகு யாரும் கையை இறக்கவில்லை. மாமி ஸ்லோகம் முணுமுணுத்தார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒருவழியாக, தடதடவென்று குலுங்கிக்கொண்டு இறங்கினோம். விமானம் நின்றதும் தம்பியைக் கூப்பிட்டேன்.

"இறங்கிட்டேன்டா. இதோ வந்துட்டேன்னு அம்மாகிட்ட சொல்லு."



"உன் பிளேன் ஸ்ரீரங்கத்து மேல சுத்திக்கிட்டே இருந்தத போன்ல பாத்துட்டு இருந்தேன்க்கா. அம்மா என் மூஞ்சியப் பாத்து என்னன்னு கேட்டாங்க, சொல்லிட்டேன். 'நான் இங்க அடம்பிடிக்கிறதாலதான் அவ இறங்க முடியாம சுத்துறா, நான் உள்ள போனா அவ இறங்கிடுவா'ன்னு சொல்லி, அவங்களே டாக்டரக் கூப்பிடச் சொன்னாங்க."

"இப்ப எங்கடா இருக்காங்க?"

"உள்ள கூட்டிட்டுப் போயி மயக்க ஊசி போட்டுட்டாங்க. நீ இறங்கினத அவங்ககிட்ட சொல்ல முடியலக்கா."

கதவைத் திறந்துவிட்டார்கள். எல்லோரும் பெட்டிகளை இறக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். நான் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு நான் இன்னும் மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தேன்.