வரைபடத்தில் விடுபட்ட ஜன்னல்

அவருக்கு ‘அரை அங்குலம்’ என்று பெயர் வைத்தது அலுவலகம். முப்பத்தைந்து வருடம் கட்டட அலுவலகத்தில் வரைபடம் போட்டவர், ஒரு சுவரின் நீளத்தில் அரை அங்குலம் உதைத்தாலும் மறுபடி அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கல்யாணத்துக்குப் போனாலும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கமாட்டார், மண்டபத்துத் தூண் நேராக நிற்கிறதா என்றுதான் பார்ப்பார் என்று அவர் மனைவியே கேலி செய்வாள். பொய்க் கோடு ஒன்றுகூடப் போட்டதில்லை என்பதில் மனிதருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, சும்மா சொல்லக்கூடாது.

ஓய்வு பெற்ற ஆறாவது வருடம், அவர் பிறந்த பண்ணை வீட்டின் மேலேயே சாலை வந்து விழுந்தது. நகரத்தைச் சுற்றிப் போகும் புதிய நெடுஞ்சாலை. மஞ்சள் கற்களை வயலில் ஆரம்பித்து மாட்டுக்கொட்டகை வழியாக நட்டுக்கொண்டே வந்தவர்கள், கடைசிக் கல்லைச் சமையலறைச் சுவரோரம் நட்டுவிட்டுப் போனார்கள். வீட்டில் இருந்தது அக்கா மட்டும்தான். எழுபத்து நான்கு வயது. கல்யாணமாகி மூன்றே வருடத்தில் தனியாகத் திரும்பி வந்தவள், அப்பாவையும் அம்மாவையும் நிலத்தையும் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். தம்பி எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டார்.

“உன் வீட்டுல ரெண்டு நாள் இருந்தா மூணாவது நாள் எனக்கு மூச்சு முட்டுதுடா. இங்கேயே கிடந்து போய்ச் சேர்றேன், விடு.”

ஒரே ஒரு வழி இருந்தது. நூறு வருடம் தாண்டியும் கட்டியபடியே நிற்கும் வீட்டைப் பழைய கட்டடங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டால், சாலைதான் ஒதுங்கிப் போகவேண்டும். அதற்கு வீட்டின் முழு வரைபடம் வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே, கட்டியவர் பெயரும் வேண்டும். அந்த வேலைக்கு அவரை விட்டால் ஆள் ஏது?

மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளந்தார். நாடாவின் ஒரு முனை எப்போதும் அக்கா கையில். ஒன்றரை அடி கனமுள்ள மண்சுவர், எலி கடித்ததால் தகரம் அடித்த தானிய அறைக் கதவு, பதினொரு மரத்தூண்கள். அதில் ஒன்று, மாடு கட்டிக் கட்டியே சாய்ந்துபோனது.

“சாய்ஞ்சதையுமா எழுதுவே?”

“எத்தனை அங்குலம் சாய்ஞ்சிருக்குன்னும் எழுதணும்க்கா.”

கட்டியவர் என்ற இடத்தில் தாத்தாவின் பெயரையும் அப்பாவின் பெயரையும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே வந்தவர், கிழக்கு அறையில் நின்றுவிட்டார். அந்த அறைக்கு முதலில் ஜன்னல் கிடையாது. அவர் வரைபடப் பரீட்சைக்குப் படித்த வருடம், இருட்டில் கோடே தெரியவில்லை என்று புலம்பினார். சுவரில் கைவைக்கக் கூடாது என்று அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். அப்பா சந்தைக்குப் போன ஒரு காலையில் அக்கா கடப்பாறையை எடுத்தாள். சுவரை உடைத்து, இடிந்துபோன பம்பு அறையின் ஜன்னலைத் தூக்கிவந்து பொருத்தினாள். கடப்பாறை நழுவி உடைந்த மணிக்கட்டு இன்றும் சரியாக மடங்காது. அப்பா ஒரு வருடம் அவளோடு பேசவில்லை. தம்பி பரீட்சையில் முதலாவதாக வந்தார்.

“கட்டினபடியே இருக்கணும்னு சொன்னியே,” என்றாள் அக்கா. “இதைப் பார்த்தா வேண்டாம்னுடுவாங்களா?”

“சொல்லலாம்.” அவர் படித்த விதியில் அப்படித்தான் இருந்தது.

“அப்போ விட்டுடுடா. வெளியே கொடி மூடியிருக்கு, யாருக்குத் தெரியப்போகுது? நான் உடைச்ச ஓட்டையால வீடு போகக்கூடாது.”

அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். விதியைப் பற்றி ‘அரை அங்குலம்’ போய் இன்னொருவரிடம் கேட்பதா? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த யானை தெரிந்தேதான் காலை வைத்தது. ஜன்னல் இருந்த இடத்தில் இரண்டு நேர்கோடுகளை இழுத்துச் சுவராக்கினார்.

பார்வையிட வந்த அதிகாரி சின்னப் பெண். “உங்க படங்களை வச்சுத்தான் சார் எங்களுக்குப் பாடமே நடத்தினாங்க,” என்று சந்தோஷமாகச் சுற்றி வந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போடும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. படத்தை விரிக்க மேஜை தேடி அவள் கிழக்கு அறைக்குள் நுழைந்தாள். அங்கேதான் அவருடைய பழைய படிப்பு மேஜை கிடந்தது. இருட்டாக இருக்கிறதே என்று ஜன்னல் கதவைக் கொடியோடு சேர்த்துத் தானே தள்ளித் திறந்தாள். வெளிச்சம் நேராகப் படத்தின் மேல் விழுந்தது.

படத்தைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

“இது பின்னாடி வச்சதா சார்?”

அவர் தலையாட்டினார்.

“ஒரு ஜன்னலுக்காகவெல்லாம் தள்ள மாட்டோமே. விதி மாறி நாலு வருஷமாச்சு. குறிச்சிருந்தா போதும்.” அவள் குரல் இறங்கியது. “படம் தப்புன்னா விண்ணப்பமே செல்லாது. மறுபடி போடவும் தேதி முடிஞ்சிடுச்சு. பார்க்காத மாதிரி என்னால எழுத முடியாது சார்.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. வாசலில் தேநீரோடு நின்றிருந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

“நான்தாம்மா விடச் சொன்னேன். எழுதறதுன்னா என் பேரை எழுதிக்கோ.”

இரண்டு மாதம் கழித்து, இடிக்கும் இயந்திரம் வந்து நின்ற காலையில், அவர் திரும்பி வந்த வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காலி வீட்டுக்குள் போனார். “அக்கா, நாடாவைப் பிடி.” மடங்காத கையால் அவள் பிடித்தாள். ஜன்னலை அளந்தார். இரண்டே முக்கால் அடி, அரை அங்குலம். தரையில் உட்கார்ந்து பொய்ச் சுவரைச் சுரண்டி எடுத்துவிட்டு ஜன்னலை வரைந்தார். கட்டியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரை முழுதாக எழுதினார். எழுதி முடிப்பதற்குள் கண் மறைத்துவிட்டது. வாய்விட்டு அழுதார்.

“இனிமே இது யாருக்குடா?” என்று கேட்ட அக்கா, எழுத்தைப் பார்த்ததும் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

வெளியே இருந்து இயந்திர ஓட்டுநர் வாங்க வாங்க என்று கூப்பிட்டார். அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“கொஞ்சம் இருப்பா. மை இன்னும் காயலை.”