கிளிக்கும் மகளுக்கும் ஒரே பாடம்

எங்கள் கொங்குப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வந்தால், அந்த வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக "வாங்க" சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் சொன்னால் எல்லோருக்கும் சேர்த்து ஆயிற்று என்பதெல்லாம் கிடையாது. அடுப்படியில் இருப்பவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொல்ல வேண்டும். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை எழுந்து வந்து சொல்ல வேண்டும். வந்தவரும் ஒவ்வொரு "வாங்க"வுக்கும் தலையசைத்துக்கொள்வார். யார் சொல்லவில்லை என்பது ஊர் போய்ச் சேரும்வரை அவர் நினைவில் இருக்கும். "போனனுங்க, வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க" என்பதற்காகப் பத்து வருடம் போக்குவரத்து நின்றுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

என் மகளுக்கு அந்த ஒரு சொல்தான் வரவில்லை.

அவளுக்குத் திக்குவாய். தொண்ணூறுகளின் நடுவில், அவள் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். வேறு சொற்களை எப்படியோ இழுத்துப் பிடித்துச் சொல்லிவிடுவாள். "வா"வில் மட்டும் மேல்பல் கீழுதட்டில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கண் இறுகும், கழுத்து நரம்பு தெரியும், சத்தம் வராது. நாங்கள் கோவை கணபதியில் இருந்தோம். வீட்டின் முன்பக்கம் என் கணவரின் லேத் பட்டறை. நாள் முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் புழக்கடைக்குப் போய்விடுவாள். "புள்ள வாங்கன்னு சொல்ல மாட்டீங்குது. அத்தனை எளக்காரமுங்களா நாங்க?" என்று உறவுக்காரர்கள் என்னிடம் கேட்பார்கள். மகளுக்காக வருத்தப்பட்டேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அன்று எனக்கு இருந்தது வெட்கம்தான்.

அந்த வருடம் கோபியில் என் அண்ணன் தோட்டத்தில், இடி விழுந்து பட்டுப்போன தென்னை ஒன்றை வெட்டினார்கள். மரப்பொந்தில் இரண்டு கிளிக்குஞ்சுகள் இருந்தன. விழுந்த அதிர்ச்சியில் ஒன்று செத்துப்போயிற்று. மற்றதை அண்ணன் ஒரு கூடையில் போட்டு, துண்டால் மூடி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கிளி வளர்ப்பது குற்றம் என்று இன்று எல்லோருக்கும் தெரியும். அன்று எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் கிளி இருந்தது, யாரும் யாரையும் கேட்டதில்லை.

குஞ்சைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதற்கு "வாங்க" சொல்லப் பழக்கிவிட வேண்டும். வருகிறவர்கள் கிளி "வாங்க" சொல்வதை ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டு, பிள்ளை சொல்லவில்லை என்பதை மறந்துவிடுவார்கள். இதைவிடப் பெரிய புத்திசாலித்தனம் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

என் கணவர் பட்டறையில் கம்பி வளைத்துக் கூண்டு செய்து கொடுத்தார். அதை அடுப்படி ஜன்னலோரம் மாட்டினேன். பொட்டுக்கடலை மாவை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, ஐஸ்கிரீம் கரண்டியால் ஊட்டியது மகள்தான். பழக்கியதும் அவள்தான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. முதல் வாரம் கூண்டுக்குப் பக்கத்தில் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் கையைக் கூண்டின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு ஊறவைத்த நிலக்கடலை, கொய்யாத் துண்டு, பச்சை மிளகாய். ஒருநாள் அது அவள் சுண்டுவிரலைக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. கையை இழுக்காமல், கத்தாமல், அது விடும்வரை அப்படியே இருந்தாள். கத்தினால் கிளி பயந்துவிடுமாம். நானாக இருந்தால் கூண்டோடு தூக்கி எறிந்திருப்பேன்.

மாதம் ஒன்று ஆனபோது கிளி அவள் மணிக்கட்டில் ஏறி, முழங்கை வழியாகத் தோளுக்குப் போயிற்று. இறக்கையை வெட்டிவிடச் சொன்னார்கள். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். கிளி வெளியே இருக்கும்போது ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிடுவாள். வெயில் காலத்தில் வியர்த்து வழிய நான் சமைத்தேன்.

பவானியில் கட்டிக்கொடுத்திருந்த என் நாத்தனார், வசம்பை உரசி நாக்கில் தடவினால் பேச்சு திருந்தும் என்று சொல்லி அனுப்பினார். "புள்ளைக்கும் தடவுங்க, கிளிக்கும் தடவுங்க, ரெண்டும் பேசும்" என்று சேதி. நான் இரண்டுக்கும் தடவினேன். கிளி என்னைக் கடித்தது. மகள் கடிக்கவில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் தானாகவே வந்து நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள்.

ஒரு சாயங்காலம் புழக்கடையில் துணியை அலசிவிட்டு உள்ளே வந்தேன். அடுப்படியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறது என்று நினைத்தேன். கதவருகில் வந்து பார்த்தால், என் மகள் கிளியிடம் பேசிக்கொண்டிருந்தாள். வகுப்பில் ஒருத்தியின் சாப்பாட்டு டப்பா திறக்காமல் போனதையும், டீச்சர் அதைப் படியில் தட்டித் தட்டி நசுக்கியதையும், கடைசியில் எல்லோரும் ஆளுக்கொரு வாய் அவளுக்குக் கொடுத்ததையும் சொன்னாள். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. குரல் அத்தனை இலேசாக இருந்தது. நடுவில் "அட, கேளு நீ!" என்று அதை அதட்டவும் செய்தாள். என் மகளின் குரல் எப்படி இருக்கும் என்று எட்டு வருடத்தில் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அப்படியே திரும்பிப் போயிருக்க வேண்டும். ஈரக் கையோடு உள்ளே பாய்ந்தேன்.

"பேச வருதில்ல? கிளிகிட்ட இத்தனை பேச வருது, மனுசங்ககிட்ட மட்டும் வராதா? அப்ப வேணும்னேதான் திக்கறயா?"

 கிளி பயந்து, பறந்து அலமாரி மேல் உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து பாடம் ஆரம்பமாயிற்று. தினமும் ஆறு மணிக்கு, விளக்கு வைத்த பிறகு, மகளைக் கூண்டுக்கு முன்னால் நிறுத்துவேன். கிளியைப் பார்த்து அவள் "வாங்க" சொல்ல வேண்டும். கிளிக்கும் பழகும், அவளுக்கும் பழகும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நான் பக்கத்தில் நிற்பேன். நான் நின்றதால்தான் அவளுக்கு வரவில்லை என்பது என் மண்டைக்கு ஏறவில்லை. பல் உதட்டில் ஒட்டும், கண் இறுகும். ஐந்து நிமிடம் பொறுப்பேன். அடுப்பில் ஏதாவது தீயும், பட்டறையிலிருந்து ஆளுக்கு டீ கேட்டுக் குரல் வரும், என் பொறுமை போய்விடும். "ச்சே! சொல்லித் தொலை!" என்று கத்துவேன். அவள் மறுபடி முயல்வாள். மறுபடி கத்துவேன்.

"உடு அம்மணி, வர்றப்ப வரட்டும்" என்று கணவர் இரண்டொரு முறை சொன்னார். "நாளைக்கு ஒருத்தர் ஊட்டுக்குப் போற புள்ள. உங்களுக்கென்ன, கேள்வி கேக்கறவங்க எங்கிட்டதான் கேக்கறாங்க" என்று அவரையும் அடக்கிவிட்டேன். இப்படி நான்கு மாதம் போயிற்று. கிளி ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைச் சாய்த்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தை பிறந்ததும் நாத்தனார் தன் பெரிய மகளின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். அவர் வீட்டுக்காரர், சம்பந்தி வீட்டார், பங்காளிகள் என்று இரண்டு காரில் பன்னிரண்டு பேர். தட்டோடு வாசலில் நிற்கிறார்கள். வீடே எழுந்து நின்று வரவேற்க வேண்டிய நேரம். முதல் நாளே முடிவு செய்து வைத்திருந்தேன். கிளி தோளில் இருந்தால் மகளுக்குத் தைரியம் வரும். பட்டுப்பாவாடை கட்டி, கிளியைத் தோளில் ஏற்றி, அவளை எனக்கு முன்னால் நிறுத்தினேன்.

நான் சொன்னேன், கணவர் சொன்னார். பிறகு எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். நிஜமாகவே முயன்றாள். "வா" என்ற ஒலி பாதி வந்து நின்றது. பன்னிரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

அப்போது கிளி பேசியது. "ச்சே! சொல்லித் தொலை!"

அதுதான் அதன் முதல் பேச்சு. என் குரல். அந்த "ச்சே"யில் நாக்கு அண்ணத்தில் அடிக்கிற விதம்கூட என்னுடையது. அவள் காதுக்கு நாலு விரற்கடை தூரத்தில் நின்றுகொண்டு அது மறுபடியும் சொன்னது, மறுபடியும் சொன்னது.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அப்படியே நீங்க பேசறாப்பலயே இருக்குதுங்க!" என்று நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நானும் சிரித்தேன். அதை எழுதாமல் விடுவது நியாயமில்லை. அத்தனை பேர் முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு கிளியை மெதுவாகக் கையில் இறக்கிக் கூண்டில் விட்டு, கொக்கியை மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் யாரிடமும் பேசவில்லை. கிளியிடமும் பேசவில்லை. வேளாவேளைக்குத் தண்ணீர் மாற்றினாள், மிளகாய் வைத்தாள், அவ்வளவுதான். கிளியோ பேச்சு வந்த குஷியில் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் தலைவாரும்போது, சாப்பிடும்போது, வீட்டுப்பாடம் எழுதும்போது, அவளைக் கண்டதும் சொன்னது. என்னால் வீட்டில் இருக்கவே முடியவில்லை. ஒருமுறை கூண்டின் மேல் தட்டி "வாய மூடு!" என்று கத்திவிட்டு, நான் கத்தியதை நானே கேட்டு, அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பட்டறையில் சேரும் பித்தளைச் சீவலை வாங்கிப்போக உக்கடத்திலிருந்து ஒரு பாய் வருவார். என் கணவர் வயதுதான். அவர் வீட்டில் நாலைந்து கிளிகள் உண்டு. மறக்கடிக்க வழி உண்டா என்று அவரிடம் கேட்டேன்.

"கஷ்டமுங்கம்மா. நாம ஆசையாச் சொல்லிக் குடுக்கறத அது லேசுல எடுத்துக்காது. கோவமாச் சொன்னா ஒடனே புடிச்சுக்கும். ஊட்டுல அத்தனை பேரும் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பாக்கறாங்கல்லீங்க, அதான்" என்றார்.

"அப்படீன்னா நீங்களே கொண்டு போயிருங்க பாய். எனக்கு அது இங்க வேண்டாம்."

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் லேத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகப் பாய் ஒத்துக்கொண்டார்.

ஞாயிறன்று பாய் டி.வி.எஸ். வண்டியில் வந்தார். நான் பழைய சேலை ஒன்றால் கூண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டு வாசலுக்கு எடுத்துவந்தேன். மகள் உள்ளிருந்து ஓடிவந்து சேலையோடு சேர்த்துக் கூண்டைப் பிடித்துக்கொண்டாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது.

என் நாக்கு நுனியில் வார்த்தை வந்துவிட்டது. அவள் சொல்ல வந்ததை நானே சொல்லி முடிக்கவோ, "என்ன, சீக்கிரம் சொல்லு" என்று விரட்டவோ எனக்கு ஒரு நொடி போதும். எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கணவர் லேத்தை நிறுத்திவிட்டு வந்தார். பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நின்றாள், மூச்சு வாங்கினாள், மறுபடி ஆரம்பித்தாள், கண்ணில் நீர் வந்தது, மறுபடி ஆரம்பித்தாள். எத்தனை நேரம் என்று தெரியாது. துண்டு துண்டாக வந்ததைச் சேர்த்தால் இவ்வளவுதான்:

"அதக் கொண்டு போயிட்டாலும் எனக்குக் கேக்கும்மா."

பாய் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். நான் சேலை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், அது இன்னும் இறுகியது. அவள்தான் அவிழ்த்தாள். "தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு" என்றேன். அவள் தலையை அசைத்தாள். சரி என்றா, இல்லை என்றா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஆறு மணிப் பாடத்தை அன்றோடு நிறுத்தினேன். உறவுக்காரர்கள் கேட்டால், "அவளுக்குப் பேச நேரமாகுமுங்க, இருந்து கேட்டுட்டுப் போங்க" என்று சொல்லப் பழகினேன். சிலர் இருந்தார்கள், சிலர் கோபித்துக்கொண்டார்கள். கிளி பின்னும் ஆறு வருடம் எங்கள் வீட்டில் இருந்தது. அதன் முன்னால் குரலைத் தாழ்த்தி எத்தனையோ நல்ல வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றையும் அது எடுத்துக்கொள்ளவில்லை.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். இப்போதும் திக்கித்தான் பேசுகிறாள், அதைப் பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. மேலதிகாரியிடம், கடைக்காரரிடம், ஃபோனில், எல்லோரிடமும் தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டு பேசுகிறாள். நானும் அவள் முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை, வருடக்கணக்காகத் திறந்ததில்லை. ஆனால் என்னிடம் பேசும்போது மட்டும், ஆரம்பிக்கும் முன் ஒருமுறை என் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாள்.