சீனத் தெருவில் பசியாறிய என் மகள்

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்கு வந்து நாங்கள் ஒரு வருடம்கூட முடித்திருக்கவில்லை. கணவருக்கு டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மூத்த மகள் பிறந்து முப்பத்தொராம் நாள் துடக்கு கழிந்திருந்தது. உதவிக்கு அம்மா இல்லை, பேச்சுத் துணைக்கு அக்கம்பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பமும் இல்லை. பிள்ளைக்குப் போதிய பால் என்னிடம் சுரக்கவில்லை. போத்தல் பாலில் பாதியைக் குடிக்கும், பாதியைத் துப்பிவிடும். கிளினிக்கில் பிள்ளையை நிறுக்கும்போது நர்ஸின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயம்.

வீட்டுக்குள் இருந்து நான் அழுவதைக் கண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் சொன்னார்: "வெளிக்கிடும். டவுனில சீன ஆக்களின்ர தெருவில வருசப்பிறப்பாம். போயிட்டு வருவம்."

அந்த நாட்களில் ஞாயிறு என்றால் மெல்பேர்ன் கடைகளையெல்லாம் பூட்டிக்கொண்டு உறங்கும். ரயிலால் இறங்கி நடந்த வழியில் ஈ காக்கை இல்லை. லிட்டில் பேர்க் தெருவுக்குள் திரும்பினால், வேறொரு ஊர்! தலைக்கு மேலே சிவப்பு வெளிச்சக்கூடுகள். கண்ணாடிக்குப் பின்னால் எண்ணெய் மினுங்கத் தொங்கும் வாத்துகள். எந்த வாசலைக் கடந்தாலும் இஞ்சியும் உள்ளியும் வதங்குகிற மணம். அந்த மணத்துக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆட்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாக நடந்தோம். ஒரு கடையில் பாகற்காயைக் கண்டு நான் நின்றுவிட்டேன். இந்த நாட்டில் முதன்முதலாகக் காண்கிறேன்.

"நீர் இதிலயே நில்லும், வாங்கிக்கொண்டு வாறன்" என்று கணவர் உள்ளே போனார். பால்போத்தல் இருந்த பையும் அவர் தோளோடு போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துச் சிங்க ஆட்டம் வந்தது. மேளத்தோடு கூட்டம் அலையாக வந்து என்னைத் தள்ளிக்கொண்டு போனது. எங்கே தள்ளுகிறார்கள் என்றே தெரியவில்லை. காலடியில் சீனவெடி சரம்சரமாக வெடித்தது. பிள்ளை வீரிட்டு அழத் தொடங்கியது. கூட்டம் சற்று விலகியபோது அந்தக் கடையும் இல்லை, கணவரும் இல்லை.

யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள். சாப்பாட்டுக் கடை ஒன்றின் வாசலில் நின்ற பெண். என் வயதுதான் இருக்கும். முதுகில் சிவப்புத் துணியால் கட்டிய குழந்தை. ஒன்றும் கேளாமல் என்னை இழுத்துக்கொண்டு அடுப்புகள் எரிந்த குசினியைத் தாண்டி, அரிசி மூட்டைகள் அடுக்கிய ஒரு சிறிய அறைக்குள் கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினாள்.

பிள்ளையை மார்பில் அணைத்துப் பார்த்தேன். கூட்டத்தில் அகப்பட்ட பதற்றமோ வெயிலோ, ஒரு சொட்டுப் பால் இல்லை. அழுது அழுது அதன் குரல் கம்மிப்போனது. அந்தப் பெண் தன் குழந்தையை இறக்கிக் கிடத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கும் சும்மா ஒப்பேற்றுகிற ஆங்கிலம்தான். அவள் என் பிள்ளையைக் காட்டினாள். பிறகு தன் மார்பில் கையை வைத்தாள். இரண்டு கைகளையும் நீட்டினாள்.

விளங்கிவிட்டது. ஆனால் உடனே கொடுக்க மனம் வரவில்லை. இவள் யார், உடம்பில் என்ன வருத்தமோ, ஊரில் அறிந்தால் என்ன சொல்வார்கள், என்னால் முடியாததை இன்னொருத்தி செய்வதா என்று என்னென்னவோ ஓடியது. பிள்ளையின் அழுகை விக்கலாகத் தேய்ந்தது. கொடுத்துவிட்டேன்.

மடக் மடக்கென்று அது விழுங்கும் சத்தம் கேட்டது. என் மகளிடம் அப்படியொரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. இடையில் பிள்ளைக்குக் கண் சொருகியபோது அவள் அதன் உள்ளங்காலைச் சுண்டிவிட்டுத் திரும்பக் குடிக்க வைத்தாள். நான் வாய்விட்டு அழுதேன். அவள் என்னைப் பார்க்காத மாதிரி இருந்தாள்.

அறைக்குள் வர வந்த சமையற்காரர், அவளுடைய கணவராக இருக்க வேண்டும், அப்படியே திரும்பிப் போனார். சற்றுக் கழித்து அறை வாசலின் திரைச்சீலைக்குக் கீழால் ஒரு கோப்பை மட்டும் உள்ளே வந்தது. இஞ்சி தட்டிப்போட்ட மீன் சூப். குடி, பால் வரும் என்று அவள் சைகையால் சொன்னாள். அம்மா இருந்திருந்தால் பிள்ளை பெற்றவளுக்கென்று மருந்துச் சரக்கரைத்துத் தந்திருக்கும் கறியின் காரம் அதில் இருந்தது.

நித்திரையான பிள்ளையோடு வெளியே வந்தபோது, பாகற்காய்ப் பையும் கையுமாகக் கணவர் ஒரு பொலிஸ்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டு நின்றார். முகத்தில் இரத்தமில்லை. "எங்கை போனனீர்?" என்று கேட்டபடியே பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

ரயிலில்தான் நடந்ததைச் சொன்னேன். அவர் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபிப்பாரோ என்று பயந்தேன்.

"அந்த மனுசிக்கு நன்றி சொன்னனீரோ?" என்று கேட்டார்.

"எந்தப் பாஷையில சொல்லுறது?"

அடுத்த ஞாயிறு பயத்தம் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போனோம். அவள் ஒன்றைக் கடித்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, என்னை உள்ளே இருத்தி அதே சூப்பைத் தந்தாள். பிறகு பல ஞாயிறுகள் அப்படித்தான் போயின. பாலும் மெல்ல மெல்ல வந்தது, நர்ஸின் முகமும் மலர்ந்தது. பின்னர் வேலை மாறி நாங்கள் சிட்னிக்குப் போனோம். சில வருடங்களுக்குப் பிறகு தேடி வந்தபோது கடை வேறு கைக்கு மாறியிருந்தது.

மகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் முதன்முதலாக வயிறாறித் தூங்கியது எனக்குப் பெயரும் தெரியாத ஒருத்தியின் மடியில்தான் என்று நினைக்கும்போதெல்லாம், யாரையும் அந்நியர் என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை.