இளவரசனின் மனைவி சம்மதித்தாள் என்றேன்

பெற்ற மகனை இன்னொருவர் கையில் கொடுத்தவன் நான். அவனைப் பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்களைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்து எடுத்தவர் என் அக்கா. அவருக்குப் பிள்ளையில்லை. எங்களுக்கு இங்கே பிறந்த ரமணனைத் தத்துத் தரும்படி கேட்டார். அவனுக்கு உண்மை தெரியவே கூடாது என்றும் சொன்னார். தலையாட்டினேன். பிறகுதான் என் மனைவி பவளத்திடம் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன்! காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ரமணன் ரெக்ஸ்டேலில் அக்கா வீட்டில் வளர்ந்தான். எனக்கு அவன் வைத்த பெயர் மாமா. பவளத்துக்கு மாமி.

ஊரில் நான் சரித்திர ஆசிரியன். போன மாதம் இங்கே மல்வேர்னில் நடந்த தமிழ் முதியோர் ஒன்றுகூடலில் பேசக் கேட்டார்கள். உலகத்தில் எத்தனையோ கதைகள் இருக்க, சீனாவின் கடைசிப் பேரரசனைப் பெற்ற அந்த மஞ்சூரிய இளவரசனை ஏன் எடுத்தேன்?

சாகக் கிடந்த முதிய அரசமாதா, மூன்று வயது நிரம்பாத அவன் மகனைப் பேரரசனாக்கினாள். இளவரசனைப் பதில் ஆட்சியாளனாக்கினாள். அவன் பணிந்தான். முடிசூட்டு நாளில் குழந்தை வீட்டுக்குப் போகவேண்டுமென்று வீரிட்டது. அரியணையருகே மண்டியிட்டுப் பிள்ளையைப் பிடித்திருந்த தகப்பன், அழாதே, சீக்கிரம் முடிந்துவிடும் என்று தேற்றினான். அதற்கு முன்பே அரசமாதா இறந்திருந்தாள். ஆட்சி அவன் கையில்... ஆனாலும் பிள்ளையைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. பல ஆண்டுகள் அவள் மகனைப் பார்க்கவேயில்லை.

நன்றாகத்தான் பேசினேன். எங்களைக் காரில் கூட்டிவந்த ரமணன் பின்வரிசையில் இருந்தான். பவளம் முன்வரிசையில்.

ஒரு பெண்மணி எழுந்தார். "மாஸ்டர், அந்தப் பிள்ளையின்ரை தாய் ஓமெண்டு சொன்னவவோ?"

அவளை யாரும் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும். பவளம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம். சந்தோசமா அனுப்பினவ" என்றேன்.

இறந்துபோன ஒருத்தியைப் பற்றிப் பொய் சொன்னேன், உயிரோடிருப்பவளின் முகத்துக்கு நேரே!

திரும்பும் வழியில் ரமணன் கேட்டான். "நல்ல ஸ்பீச், மாமா. ஆனா அந்த அப்பா ஏன் சிம்பிளா நோ சொல்லேல்லை?"

அரச கட்டளை, குலப் பெருமை என்று ஏதோ தொடங்கினேன். பின்சீட்டிலிருந்து பவளம் இடைமறித்தாள்.

"தம்பி, மாமா பிழையாச் சொல்லிப்போட்டார். அந்தத் தாயிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

"மாமி, நீங்களும் ஹிஸ்ரி ரீச்சரே?" என்று சிரித்தான்.

"இல்லை. மாமாட்டைக் கேள்."

சிவப்பு விளக்கு. ரமணன் என் பக்கம் திரும்பினான். அக்கா இறந்து இரண்டு வருடமாகிறது. என்னைத் தடுக்க யார் இருக்கிறார்கள்? வாய் திறந்தேன்...

"மாமிக்குக் களைப்பு" என்றேன்.

அவன் உடனே பின்சீட்டுக்கு ஹீட்டரைக் கூட்டிவிட்டான்.

பவளம் சண்டை பிடிக்கவில்லை. நேற்றுச் சாப்பாடு போடும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "நாளைக்கு அவன் வாறான். நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். இன்னும் சிறிது நேரத்தில் அவன் வந்துவிடுவான். நான் வாய் திறக்காவிட்டால் அவளாவது சொல்லிவிடுவாள் என்று நீங்கள் நினைக்கலாம். மாட்டாள். என் சம்மதமில்லாமல் அவள் எதையும் செய்ததில்லை.

அதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.